மின்னல் விழுந்தால் காடு ஏன் எரிகிறது, சில நேரம் ஏன் எரிவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று எங்கே காடு எரிந்தாலும் "மின்னல் தாக்கியதில் தீப் பிடித்தது" என்று செய்தியில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். படிப்பவர்களுக்கு அடுத்தடுத்து சந்தேகம் வருவது நியாயம்தான். அப்படி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் 2020 ஆகஸ்டில் வடக்கு கலிஃபோர்னியாவில் நடந்ததைத்தான் சொல்வேன். மின்னலும் வறட்சியும் ஒரே வாரத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய சம்பவம் சமீபத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

மின்னல் வந்தால் கூடவே மழையும் வருமே, அந்த மழையே தீயை அணைத்துவிடாதா?

மழை வரும், ஆனால் தரை வரைக்கும் வந்து சேர வேண்டுமே! வறண்ட பகுதிகளில் இடிமேகத்தின் அடிப்பாகமே தரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து கிளம்பும் துளிகள், கீழே இருக்கும் சூடான காய்ந்த காற்றைக் கடப்பதற்குள் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். தூரத்தில் நின்று பார்த்தால் மேகத்திலிருந்து சாம்பல் நிறத்தில் மழை தொங்குவதும், அது தரையைத் தொடாமலே மறைந்துபோவதும் கண்ணுக்குத் தெரியும். மின்னலுக்கு இந்தத் தடை கிடையாது, அது நேராகத் தரைக்கு வந்துவிடும்.

அமெரிக்காவில் பொதுவாக 2.5 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையோடு விழும் மின்னலை உலர் மின்னல் என்கிறார்கள். அவ்வளவு மழையை மரத்தின் இலைகளே வாங்கிக்கொள்ளும், அடியில் கிடக்கும் சருகுக்கு ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நன்றாக மழை கொட்டும் மேகமாகவே இருந்தாலும், மழை விழும் இடத்துக்குப் பல கிலோமீட்டர் தள்ளி மின்னல் இறங்குவது சகஜம். இங்கே மழை, பக்கத்து மலையில் தீ என்பது இப்படித்தான் நடக்கிறது.

2020 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் சரியாக என்ன நடந்தது?

அந்த வருடக் குளிர்காலமே சரியில்லை. மழைக்காலத்தின் நடுவில் வரும் பிப்ரவரி மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை. 1864-க்குப் பிறகு மழையே இல்லாத பிப்ரவரி அதுதான். அப்புறம் வழக்கமான மழையில்லாத கோடை, அதன் உச்சத்தில் ஆகஸ்ட் நடுவில் ஒரு கடும் வெப்ப அலை. ஆகஸ்ட் 16 அன்று அதே மாநிலத்தின் டெத் வேலியில் 54.4 டிகிரி செல்சியஸ் பதிவானது.

அந்தச் சமயம் பார்த்து, மெக்சிகோவுக்கு மேற்கே கடலில் கலைந்துகொண்டிருந்த ஃபாஸ்டோ என்ற புயலின் ஈரம் வடக்கே இழுக்கப்பட்டு மாநிலத்தின் மேல் வந்து நின்றது. நடு வளிமண்டலத்தில் இடிமேகம் எழும்புவதற்குப் போதுமான ஈரம், கீழே மழையை வழியிலேயே குடித்துவிடும் காய்ந்த காற்று. சில நாட்களுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னல்கள் இறங்கின. 650-க்கும் மேற்பட்ட இடங்களில் தீப் பிடித்தது.

இவற்றில் பெரும்பாலானவை சின்னத் தீதான், அணைத்துவிட்டார்கள். அணைக்க முடியாதவை ஒன்றோடொன்று சேர்ந்து ராட்சதத் தீக்களாயின. மென்டசினோ தேசிய வனத்தில் தனித்தனியாகப் பற்றிய 38 தீக்கள் சேர்ந்து 'ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ்' ஆனது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல், அதாவது நான்கு லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமாக எரித்து, அது நவம்பரில்தான் கட்டுக்குள் வந்தது. சான் ஹோசே நகருக்குக் கிழக்கே உள்ள மலைகளில் எரிந்த எஸ்சியூ தீ சுமார் 1.6 லட்சம் ஹெக்டேர், நாப்பா பக்கத்து எல்என்யூ தீ சுமார் 1.47 லட்சம் ஹெக்டேர். சான்டா குரூஸ் மலையில் பற்றிய சிஇசட்யூ தீ அளவில் இவற்றைவிட மிகச் சிறியது, சுமார் 35,000 ஹெக்டேர். ஆனால் ஏறத்தாழ 1,500 கட்டடங்களை அது தின்றது. 1902-இல் தொடங்கப்பட்ட, மாநிலத்தின் மிகப் பழைய பூங்காவான பிக் பேசின் ரெட்வுட் காட்டின் பெரும்பகுதியும் அதில்தான் எரிந்தது.

ஆள் பற்றாக்குறை வேறு. அந்த மாநிலத்தில் சிறைக் கைதிகள் அடங்கிய தீயணைப்புக் குழுக்களை ரொம்ப காலமாகப் பயன்படுத்துகிறார்கள். கோவிட் காரணமாகக் கைதிகளை முன்கூட்டியே விடுவித்ததில் அந்தக் குழுக்கள் பாதியாகக் கரைந்திருந்த நேரம் அது. ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான தீ என்றால் எந்த அரசாங்கத்தாலும் எல்லா இடத்துக்கும் முதல் நாளே ஆள் அனுப்ப முடியாது. மின்னல் தீயில் நான் பெரிதாக நினைக்கும் ஆபத்து இதுதான். மனிதர் வைக்கும் தீ பெரும்பாலும் சாலை ஓரத்தில், ஒரு இடத்தில் பற்றும். மின்னல் ஒரே இரவில் ஆள் போக முடியாத நூறு இடங்களில் பற்ற வைத்துவிடும்.

அப்படியென்றால் மின்னல் அதிகம் விழும் ஊரில்தான் காட்டுத்தீயும் அதிகமா?

இல்லை. உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் இடம் வெனிசுலாவின் மரக்காய்போ ஏரிப் பகுதி. மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ படுகையிலும் மின்னலுக்குப் பஞ்சமில்லை. கேரளத்தில் சித்திரை, ஐப்பசி மாலைகளில் இடிக்கும் இடியைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கெல்லாம் மின்னலால் பெரிய காட்டுத்தீ வந்ததாக எப்போதாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கலிஃபோர்னியாவோ அமெரிக்க மாநிலங்களில் மின்னல் மிகக் குறைவாக விழும் இடங்களில் ஒன்று.

ஈர விறகில் எத்தனை தீக்குச்சி கிழித்தாலும் அடுப்பு பற்றாது, அவ்வளவுதான் கதை. கீழே கிடப்பது காய்ந்திருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "மின்னலால் தீ" என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் "வறட்சியால் தீ" என்று மாற்றி எழுதலாமே என்று எனக்குத் தோன்றும்.

விழும் ஒவ்வொரு மின்னலும் தீ மூட்டுமா?

மிகச் சிலதான். மேலே சொன்ன கணக்கையே பாருங்கள், பத்தாயிரத்துக்கு மேல் மின்னல், 650 சொச்சம் தீ. அதுவும் மிக மோசமான சூழ்நிலையில்.

மின்னல் பாதையின் வெப்பம் சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை போகும், சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு. ஆனால் அது நீடிப்பது ஒரு நொடியின் மிகச் சிறிய துணுக்கு மட்டுமே. அந்த அடியில் மரத்தின் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி மரப்பட்டை வெடித்துச் சிதறும், மரம் இரண்டாகப் பிளக்கும், ஆனால் தீப் பிடிக்காமலே போய்விடும். சில மின்னல்களில் முதல் அடிக்குப் பிறகும் மின்னோட்டம் நிற்காமல் நூறு, இருநூறு மில்லி விநாடி வரை தொடரும். கேட்க ஒன்றுமில்லாத நேரம் போல இருக்கிறது, ஆனால் காய்ந்த சருகைப் பற்ற வைக்க அது போதும். மேகத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் நேர்மின் மின்னல்களில் இப்படித் தொடரும் ஓட்டம் அதிகம். அவை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

காடு 'காய்ந்திருக்கிறது' என்பதை எப்படி அளக்கிறார்கள்? கண்ணால் பார்த்துச் சொல்வதா?

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. அமெரிக்க வனத்துறையினர் ரொம்ப காலமாகப் பயன்படுத்திய கருவி ஒரு சாதாரணக் குச்சி. பாண்டரோசா பைன் மரத்தில் அரை அங்குலத் தடிமனில் செய்து, ஈரம் முழுக்க எடுத்த நிலையில் எடை சரியாக 100 கிராம் இருக்கும்படி வெட்டி வைத்திருப்பார்கள். அதைத் திறந்த வெளியில் தரைக்குச் சற்று மேலே கிடத்திவிட்டு, வந்து வந்து எடை பார்ப்பார்கள். 108 கிராம் இருந்தால் காட்டில் விரல் தடிமன் சுள்ளியின் ஈரம் 8 சதவீதம். கணக்குப் போடக்கூட வேண்டாம். இப்போது தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன, ஆனாலும் தத்துவம் அதேதான்.

காய்ந்த எரிபொருளைத் தடிமனை வைத்து நான்காகப் பிரிக்கிறார்கள்: ஒரு மணி நேரம், 10 மணி, 100 மணி, 1000 மணி. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப மாற அது எடுத்துக்கொள்ளும் நேரம் அது. புல்லும் பைன் ஊசியிலையும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதாவது காலையில் பனி விழுந்திருந்தாலும் மதியம் பற்றும். கை கொள்ளாத தடிமனில் விழுந்து கிடக்கும் கட்டைகள் 1000 மணி வகை. அவை காய ஆறு வாரம் போல ஆகும், ஒரு மழையில் நனையவும் நனையாது. நீண்ட வறட்சி செய்யும் வேலையே இந்தக் கட்டைகளில்தான். கடுமையான வருடங்களில் மரக்கடையில் சூளையில் உலர்த்தி விற்கும் பலகையைவிடக் காட்டில் கிடக்கும் கட்டை அதிகமாகக் காய்ந்திருக்கும். புல் எரிந்தால் வேகமாக ஓடி முடிந்துவிடும். கட்டை பற்றினால் நாள்கணக்கில் எரியும், அந்தச் சூட்டில் நிற்கும் மரங்களும் பிடித்துக்கொள்ளும்.

2019-இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது இதுதான். அந்த நாட்டில் பதிவு வைக்கத் தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான, மிக வறண்ட வருடம் அது. சிட்னிக்கு வடமேற்கே காஸ்பர்ஸ் மலையில் அக்டோபர் 26 அன்று விழுந்த மின்னலில் பற்றிய தீ, ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. பிப்ரவரியில் பெருமழை வரும் வரை அதை முழுதாக அணைக்க முடியவில்லை. சாதாரண வருடத்தில் ஈரமாக இருந்து தீயை நிறுத்தும் பள்ளத்தாக்குகளும் ஓடைக்கரைகளும் அந்த முறை எரிந்தன.

பச்சை மரம் எப்படி எரியும்?

பச்சை மரத்திலும் ஈரம் ஏறி இறங்கும். வறட்சி நீண்டால் வேர் தரும் தண்ணீர் இலை இழப்பதற்கு ஈடு கொடுக்காது. பைன், யூகலிப்டஸ் போன்றவற்றில் பிசினும் எண்ணெயும் வேறு இருக்கிறது. வறட்சியில் பலவீனமான மரங்களைப் பட்டை வண்டு தாக்கும். 2012 முதல் 2016 வரை நீண்ட வறட்சியில் கலிஃபோர்னியாவில் இப்படிச் செத்த மரங்கள் பத்துக் கோடிக்கும் மேல். நிற்கும் செத்த மரம் மின்னலுக்கு வசதியான இலக்கு.

சரி, நல்ல மழை பெய்த வருடம் பயமில்லைதானே?

காட்டுக்கு ஓரளவு உண்மை. புல்வெளிக்கும் புதருக்கும் நேர் எதிர். மழை நன்றாகப் பெய்தால் புல் இடுப்பளவு வளரும், பிறகு வரும் கோடையில் அவ்வளவும் காயும். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் 1974-இல் பெருமழை, 1974-75 கோடையில் நாடு முழுக்க 11 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத இடங்கள் என்பதால் வெளியே பலருக்குத் தெரியவே இல்லை.

மின்னல் விழுந்து பல நாள் கழித்துத் தீ வருமாமே, நிஜமா?

நிஜம். தரையில் விரல்கடை, சில இடங்களில் முழங்கை ஆழத்துக்குக்கூட மட்கிய இலையும் வேரும் கலந்து கிடக்கும். மின்னல் மரத்தின் வழியாக அதற்குள் இறங்கினால், சுடர் இல்லாமல், சில நேரம் வெளியே தெரிகிற அளவுக்குப் புகைகூட இல்லாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். ஒரு நாள், ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல். வெயில் ஏறி, ஈரப்பதம் இறங்கி, காற்றும் அடிக்கும் மதியத்தில் திடீரென்று எழும். அதனால்தான் இடி மின்னல் முடிந்து வானம் வெளுத்த பிறகும் பல நாட்கள் விமானத்தில் சுற்றிப் பார்க்கிறார்கள்.

வடக்கே கனடா, அலாஸ்காவில் இதைவிட விசித்திரம். கரி போன்ற சதுப்பு மண்ணுக்குள் இறங்கிய தீ, மேலே பனி மூடியும் சாகாமல் குளிர்காலம் முழுக்க உயிரோடு இருக்கும். ஜாம்பி தீ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2023-இல் கனடாவில் சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் எரிந்தது, பெரும்பகுதி மின்னல் தீ. 2024 ஜனவரியிலும் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட தீக்கள் பனிக்கடியில் கனன்றுகொண்டிருந்தன. கலிஃபோர்னியாவிலும் 2020 ஆகஸ்டில் பற்றிய காசில் தீயில் எரிந்த, செக்கோயா என்ற ராட்சத வகை மரம் ஒன்று, அடுத்த வருடம் மே மாதத்திலும் புகைந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

இடிமேகம் தீயைப் பற்ற வைப்பதோடு சரியா, வேறு ஆபத்து உண்டா?

காற்று. தீயணைப்பவர்கள் மின்னலைவிட இதற்குத்தான் பயப்படுகிறார்கள். வழியிலேயே ஆவியாகும் மழை சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த காற்று கனமாகி அப்படியே கீழே விழுந்து, தரையில் மோதி எல்லாத் திசையிலும் பாயும். வடக்கே போய்க்கொண்டிருந்த தீ சில நிமிடங்களில் தெற்கே திரும்பிவிடும்.

அரிசோனாவில் யார்னல் என்ற சிற்றூர். 2013 ஜூன் 28 அன்று மேலே குன்றில் மின்னல் விழுந்து ஒரு சின்னத் தீ. முதல் நாள் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஜூன் 30 மதியம் பக்கத்தில் எழும்பிய இடிமேகத்தின் காற்று பாய்ந்ததில் தீ திசை மாறி, கிரானைட் மவுண்டன் ஹாட்ஷாட்ஸ் என்ற தீயணைப்புக் குழுவின் 20 பேரில் 19 பேரைப் பள்ளத்தில் மடக்கிவிட்டது. தப்பியவர் கண்காணிப்புக்காகத் தனியாக நின்றிருந்த ஒருவர் மட்டுமே. 1949-இல் மொன்டானாவின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் 13 பேர், 1994-இல் கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில் 14 பேர் இறந்ததும் மின்னலில் தொடங்கிய தீக்களில்தான், இரண்டும் தொடக்கத்தில் சிறியவைதான். "சின்னத் தீதானே" என்ற சொல் இந்தத் தொழிலில் எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள்.

தீயே மின்னலை உண்டாக்கும் என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. மிகப் பெரிய தீயின் சூடு காற்றைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு எழுப்பி இடிமேகமாகவே ஆக்கிவிடும். அந்த மேகத்தில் புகைத்துகள் மிகுதி என்பதால் துளிகள் சிறிதாக இருக்கும், மழை சரியாக விழாது, ஆனால் மின்னல் விழும். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இப்படி எழுந்த மேகத்திலிருந்து, எரியும் இடத்துக்கு சுமார் 100 கிலோமீட்டர் முன்னால் மின்னல் விழுந்து புதிய தீ தொடங்கியது. 2003 ஜனவரி 18 அன்று தலைநகர் கான்பெராவில் நான்கு பேரைக் கொன்று, ஏறக்குறைய 500 வீடுகளை அழித்த தீயில் நெருப்புச் சூறாவளியே சுழன்றது. அதன் தொடக்கம் பத்து நாள் முன்பு மலையில் விழுந்த மின்னல்.

காட்டுத்தீ எல்லாம் மின்னலால்தான் வருகிறதா?

இல்லை, எண்ணிக்கையில் மனிதர்கள்தான் முன்னால். 1992 முதல் 2012 வரையிலான அமெரிக்கப் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வின்படி, 84 சதவீதம் மனிதரால் தொடங்கியவை. ஆனால் எரிந்த பரப்பைப் பார்த்தால் பாதிக்கு மேல் மீதி 16 சதவீத மின்னல் தீயின் கணக்கில் போகிறது. ஆளில்லாத தூரத்து மலை, தாமதமாகத் தெரியவருவது, ஒரே நேரத்தில் பல என்ற காரணங்கள்தான்.

உயிர்ச்சேதத்தைப் பார்த்தால் கணக்கு மறுபடி மாறும். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்து 85 பேரைக் கொன்ற தீ, பழைய மின்கம்பியிலிருந்து வந்தது. அதே வருடம் ரெடிங் பக்கத்தில் எரிந்த, 'கார்' (Carr) என்று பெயரிடப்பட்ட தீ, டயர் பஞ்சரான டிரெய்லரின் சக்கர வளையம் சாலையில் உரசிய பொறியில் தொடங்கியது. 2020 செப்டம்பரில் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று அறிவிக்கப் புகைக்குண்டு வெடித்து ஒரு மலையையே கொளுத்தினார்கள். இதற்கெல்லாம் மின்னலைக் குறை சொல்ல முடியாது.

இது மின்னல்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

ஒவ்வொரு மின்னலும் ரேடியோ அலை வெளியிடும். தரையில் உள்ள உணர்கருவிகள் அதைப் பிடித்து, விழுந்த இடத்தையும் நேரத்தையும் சில நூறு மீட்டர் துல்லியத்தில் பதிவு செய்கின்றன. தீ தொடங்கிய இடத்தையும் இந்தப் பதிவையும் ஒப்பிடுவார்கள். மரத்தில் மேலிருந்து கீழ்வரை பட்டை உரிந்த தழும்பு, மணல் உருகிக் கண்ணாடியான குழாய் போன்ற தடயங்களையும் தேடுவார்கள். கலிஃபோர்னியாவில் மலை உச்சிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் இருக்கின்றன, புகையைக் கண்டுபிடிக்க 2023 முதல் செயற்கை நுண்ணறிவையும் பயன்படுத்துகிறார்கள்.

இயற்கையாகப் பற்றிய தீதானே, எரியட்டும் என்று விட்டால் என்ன?

கேள்வி சுலபம், பதில் சுலபமில்லை. அந்தக் காடுகள் தீயோடு வளர்ந்தவை. செக்கோயாவின் காய் சூடு பட்டால்தான் நன்றாகத் திறந்து விதை கொட்டும், அதன் பட்டை அரை மீட்டர் தடிமன் வரை இருக்கும். பூர்வகுடிகள் தாங்களே பருவம் பார்த்துச் சிறு தீ வைத்துக் காட்டைப் பராமரித்தார்கள். அதைத் தடை செய்து, 1935-இல் அமெரிக்க வனத்துறை "எந்தத் தீயாக இருந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணை" என்று ஒரு விதியே போட்டது. விளைவு, பல பத்தாண்டுகள் சேர்ந்த சருகும் சுள்ளியும் நெருக்கமான இளமரங்களும். 2020 காசில் தீயில், ஆயிரம் இரண்டாயிரம் வருடம் எத்தனையோ தீயைப் பார்த்து நின்ற பெரிய செக்கோயாக்களில் உலகத்து மொத்தத்தில் 10 முதல் 14 சதவீதம் செத்தன. அணைத்துக்கொண்டே இருந்ததன் வட்டி இது என்றுதான் நான் பார்க்கிறேன்.

அதற்காக வறண்ட வருடத்தில், நடுக்கோடையில் விட்டுப் பார்ப்பது சூதாட்டம். 2021 ஜூலை 4 அன்று கால் ஏக்கர் அளவில் கண்ட டாமரக் தீயைக் கண்காணிப்பில் மட்டும் வைத்திருந்தார்கள், பன்னிரண்டு நாளில் வெடித்துக் கிளம்பி 27,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. 2025 ஜூலை 4 அன்று கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பில் மின்னலில் பற்றிய டிராகன் பிராவோ தீயையும் முதலில் எல்லைக்குள் எரிய விட்டார்கள், பத்து நாள் ஆவதற்குள் அங்கிருந்த பழைய விடுதியே சாம்பல். விடுவது தவறில்லை, எந்த மாதம் விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மின்னலையே தடுக்க முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 1950, 60-களில் மொன்டானாவில் 'ஸ்கைஃபயர்' என்ற திட்டத்தில் மேகத்தில் சில்வர் அயோடைடு தூவி மின்னலைக் குறைக்கப் பார்த்தார்கள், நடைமுறைக்கு வரவில்லை. 2021-இல் சுவிட்சர்லாந்தின் சேன்டிஸ் மலையில் லேசரை வைத்து மின்னலைத் திருப்பிக் காட்டினார்கள். ஒரு கோபுரத்தைக் காக்க அது உதவலாம். லட்சக்கணக்கான ஹெக்டேர் காட்டுக்கு? வாய்ப்பில்லை.

பருவநிலை மாற்றத்தால் மின்னல் அதிகமாகிறதா?

அமெரிக்க நிலப்பரப்பில் ஒரு டிகிரி வெப்பம் கூடினால் மின்னல் சுமார் 12 சதவீதம் கூடலாம் என்று 2014-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உலகம் முழுவதற்கும் அப்படியா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. வறட்சிப் பக்கம் தெளிவாக இருக்கிறது: ஒரு டிகிரிக்குக் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும், அந்த ஈரத்தைச் செடியிலிருந்தும் சருகிலிருந்தும்தான் உறிஞ்சும். மின்னல் அதே அளவு விழுந்தாலும் பற்றுவது கூடும்.

நம்ம ஊர்க் காடுகளில் மின்னலால் தீ வருமா? மூங்கில் உரசித் தீப் பிடிக்கும் என்கிறார்களே?

மேற்குத் தொடர்ச்சி மலையில் தீப் பருவம் ஏறக்குறைய ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் மின்னல் குறைவு. சித்திரையில் இடி வரும்போது கூடவே கோடை மழையும் வந்துவிடும். அதனால் இங்கே மின்னல் தீ அபூர்வம், கிட்டத்தட்ட எல்லாமே மனிதர் வைத்தது: மேய்ச்சலுக்குப் புல் துளிர்க்க, சிறு வனப்பொருள் சேகரிக்க, அணைக்காத பீடி, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு. மூங்கில் உரசல் கதை பழைய நம்பிக்கை. காற்றில் அசையும் மூங்கில் ஒரே இடத்தில் போதிய நேரம் உரசிச் சூடேறுவது நடைமுறையில் நடக்காது, ஆனால் யார் தீ வைத்தது என்று தேடாமலிருக்க வசதியான பதில். இந்தியாவில் மின்னல் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் ஆளைக் கொல்கிறது, காட்டைக் கொளுத்துவது அரிது.

வறட்சிப் பங்கு மட்டும் இங்கும் அதேதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற 23 பேர் பலியான தீயில், காய்ந்த புல்லும் மலைச்சரிவும் காற்றும் சேர்ந்து அவர்களுக்கு ஓட நேரமே கொடுக்கவில்லை. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும்.

கலிஃபோர்னியாவில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்யச் சொல்வது?

சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் நம்மவர்கள் ஏராளம் என்பதால் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. தேசிய வானிலைச் சேவை தீ அபாயத்துக்காக விடும் 'ரெட் ஃப்ளாக்' எச்சரிக்கையில் உலர் மின்னல் என்று குறிப்பிட்டால், மாவட்ட நிர்வாகத்தின் அவசரச் செய்திகள் போனுக்கு வரும்படி பதிந்துவைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், விசா காகிதங்கள், மருந்து எல்லாம் ஒரே பையில், காரில் பெட்ரோல் பாதிக்கு மேல். வெளியேறு என்ற உத்தரவு வந்தால் பக்கத்து வீட்டார் கிளம்புகிறார்களா என்று பார்த்து நிற்க வேண்டாம்.

வீடு மலையோரம் இல்லையென்றாலும் புகை வரும். 2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ வானம் பகல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் இருண்டு கிடந்தது. துணி முகக்கவசம் அதற்குப் பயன்படாது, என்95 வேண்டும். அப்புறம், வீடுகள் பெரும்பாலும் நேரடிச் சுடரில் பற்றுவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குதான் காரணம், அது ஒரு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்தும் வரும். எனவே கூரையோர மழைநீர் வடிகாலில் சேர்ந்த இலைகளை அள்ளுவது, சுவரை ஒட்டி ஐந்து அடிக்குள் விறகு, காய்ந்த செடி, தேங்காய் நார் மிதியடி எதுவும் இல்லாமல் வைப்பது, மாடக் காற்றுத் துவாரங்களுக்குச் சின்னக் கண் உலோக வலை அடிப்பது. இதையெல்லாம் மே மாதத்திலேயே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடச் சொல்லுங்கள், ஆகஸ்டில் எச்சரிக்கை வந்த பிறகு ஏணியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.